2019 டெக்னிக் செட்கள்: அந்த ஆண்டின் பாகம் எது?

லெகோ டெக்னிக் ரசிகர்களுக்கு 2019 நல்ல விளைச்சல் கண்ட ஆண்டு. 4,108 துண்டுகளும் ஏழு மோட்டார்களுமாக லீப்ஹெர் ஆர் 9800 எக்ஸ்கவேட்டர் வந்தது. ஆலிவ் பச்சையில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வந்தது. எல்லோர் கண்ணும் இந்த இரண்டின் மேல்தான். ஆனால் அந்த ஆண்டு வந்த புதுப் பாகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், 958 துண்டுகளே உள்ள 42099 என்ற ஆரஞ்சு நிற ஆஃப்-ரோடரின் சக்கர ஹப்பைத்தான் எடுப்பேன்.

சக்கரத்தைத் தாங்கும் இந்த ஹப்புக்குள்ளேயே பிளானட்டரி கியர் அடங்கியிருக்கிறது. நடுவில் ஒரு சிறு பல்சக்கரம், அதைச் சுற்றி உருளும் குட்டிப் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து உட்புறம் பல் வைத்த ஒரு வளையம். உள்ளே போகும் ஆக்ஸிலை விரலால் திருகிப் பாருங்கள். முழுதாக ஐந்து முறை சுற்றியும் சக்கரம் ஒரு சுற்றை முடித்திருக்காது. 5.4க்கு ஒன்று என்பது கணக்கு. வேகம் குறைகிறது, உராய்வில் கொஞ்சம் கழிந்தாலும் முறுக்குவிசை ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது.

வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்ட வேறு வழியா இல்லை? 8 பல் கியரையும் 24 பல் கியரையும் சேர்த்தாலே மூன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். அதை எந்த இடத்தில் செய்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வண்டியின் நடுவிலேயே குறைத்தால், பெருகிய விசை முழுவதும் அங்கிருந்து சக்கரம் வரை மெல்லிய பிளாஸ்டிக் ஆக்ஸில்கள் வழியாகப் போயாக வேண்டும். கல்மேட்டில் சக்கரம் சிக்கினால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், யுனிவர்சல் ஜாயின்ட் உடையும், டிஃபரென்ஷியலுக்குள் பல் தாண்டி 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். கனமான மாடல்களைக் கட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கடைசிக் கட்டமாகச் சக்கரத்துக்குள் வைத்துக் குறைத்தால், அதுவரையுள்ள ஆக்ஸில்கள் சக்கரத்துக்குச் சேரும் விசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்தால் போதும். நிஜச் சுரங்க லாரிகளிலும் பெரிய டிராக்டர்களிலும் இதே ஏற்பாடுதான். 2011இல் யூனிமாக் 8110 செட்டோடு வந்த போர்ட்டல் ஹப்பும் இந்த வழிதான். அதில் கியர்களை நாம்தான் பொருத்த வேண்டும். இங்கே எல்லாம் உள்ளேயே முடிந்துவிடுகிறது. திரும்பும் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகப் பழையதைவிடத் தடித்த சிவி ஜாயின்ட்டும் கூடவே வந்தது. ஹப் நன்றாக இருந்து ஜாயின்ட் மட்டும் பழையதாக இருந்திருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும்.

குறையும் உண்டு. மூடிய பாகம் என்பதால் கியர் விகிதத்தை மாற்ற வழியில்லை. விரைந்து ஓடும் கார் கட்ட நினைப்பவருக்கு இது உதவாது. செட்டைப் பொறுத்தவரை, இரண்டு எக்ஸ்எல் மோட்டார்கள் ஓட்ட, ஒரு எல் மோட்டார் திருப்ப, எல்லாமே கன்ட்ரோல் பிளஸ் என்ற ஃபோன் செயலி வழியாகத்தான். கையில் பிடிக்கும் ரிமோட் பெட்டியில் கிடையாது. சிறுவர்களுக்குப் பரிசாக வாங்குகிறவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

டிஃபெண்டரின் ஆலிவ் பச்சை பேனல்கள் உண்மையிலேயே அழகு. டெக்னிக்கில் அரிய நிறம் என்பதால் சேகரிப்பவர்கள் தேடத்தான் செய்வார்கள். ஆனால் அதே பேனல் வேறு நிறத்தில் இருந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். ஹப் அப்படியல்ல, நேற்றுவரை கட்ட முடியாத வண்டியை இன்று கட்ட வைக்கிறது.

அந்த ஆண்டு இந்த ஹப் கிடைத்தது 42099இல் மட்டுமே, பெட்டிக்கு நான்கு. ஆறு சக்கர லாரி கட்ட வேண்டுமானால் இன்னொரு பெட்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் பாகங்களை உதிரியாக விற்கும் ப்ரிக்லிங்க் சந்தைக்குப் போக வேண்டும். (அந்தச் சந்தையையே வாங்கப்போவதாக லெகோ அறிவித்ததும் 2019 நவம்பரில்தான்.) அலமாரியில் நின்றால் போதும் என்பவர் டிஃபெண்டரை வாங்கலாம். மேடேற வேண்டும், பாரம் இழுக்க வேண்டும் என்பவர் யோசிக்காமல் 42099ஐ எடுக்கலாம்.