அளவோலையும் ஐந்து மரபும்

கலைக்கல்லூரி நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளின் படைப்புத் தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். பென்சில் படங்கள், நீர்வண்ணங்கள், கடைசியில் ஒப்புக்கு ஒரு களிமண் தலை. பத்துமலையும் பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் பக்கத்திலிருக்க, சிற்பத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம்? எதைச் செய்வது என்பதைவிட, எந்த அளவுகோலை வைத்துச் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். அந்த அளவுகோல் மரபுக்கு மரபு மாறும்.

முதலாவது, சிற்ப சாத்திர மரபு. சுவாமிமலையில் வெண்கலம் வார்க்கும் ஸ்தபதி மெழுகைத் தொடுமுன் ஒரு தென்னோலையைக் கையில் எடுப்பார். விக்கிரகத்தின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்துக் கூறுகளைக் குறித்துக்கொள்வார். முகம், மார்பு, முழங்கால் எல்லாம் அந்த மடிப்புக்குக் கட்டுப்பட்டவை. சிவன், திருமால் போன்றோருக்குப் பத்து முக அளவான உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். இந்த அங்குலம் கடை அளவுகோலில் இருப்பதல்ல. சிலையின் உயரத்தோடு கூடிக் குறைவது. ஒரே உயரத்தில் இரண்டு மெழுகுருவங்களை, ஒன்றைப் பஞ்சதாளத்திலும் மற்றதைத் தசதாளத்திலும் செய்து பாருங்கள். மழலையும் கம்பீரமும் முகபாவத்துக்கு முன்பே அளவில் பிறந்துவிடும்.

இரண்டாவது, சுதை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தில் 228 உருவங்கள். உள்ளே செங்கல், கம்பி, மேலே சாந்து. முன்பு சுண்ணாம்பு, இன்று சிமெண்டு. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 140 அடி பத்துமலை முருகனும் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணமே. உள்ளே 250 டன் கம்பி, 1,550 கனமீட்டர் கான்கிரீட். மேலே 300 லிட்டர் தங்க வண்ணம். இங்கே அளவுகோல், அண்ணாந்து பார்ப்பவரின் கண். எதிரே வைத்தால் பொருத்தமாகத் தெரியும் தலை, உயரத்தில் ஏற்றியதும் சிறுத்துப்போகும். ஒரு யாளி முகத்தை இரண்டு விகிதத்தில் செய்து, சுவர்மேல் வைத்து, கீழிருந்து படமெடுங்கள். கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது அனுமதி கேட்டுச் சாரம் ஏறிப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மூன்றாவது, மரம். கேரித் தீவின் மா மெரி பழங்குடியினர் சதுப்புநில மரமான நீரே பத்துவில் முன்னோர் ஆவிகளையும் முகமூடிகளையும் செதுக்குகிறார்கள். சங்கிலியில் கட்டுண்ட புலி அவர்களுடைய புகழ்பெற்ற உருவம். வளையங்கள் உட்பட எல்லாம் ஒரே கட்டை. சுதையில் தப்பினால் அப்பலாம், மரத்தில் வெட்டியது வெட்டியதுதான். அவர்களுடைய ஆவிகளை நகலெடுக்க வேண்டாம். ஒரே கட்டையில் மூன்று வளையச் சங்கிலி செதுக்க முயலுங்கள், போதும்.

நான்காவது, வெள்ளீய வார்ப்பு. கோலாலம்பூரே வெள்ளீயத்தால் எழுந்த ஊர். ராயல் சிலாங்கூர் பியூட்டர் நிறுவனம் 1885இல் இங்கே தொடங்கியது. வெள்ளீயத்தோடு சிறிது ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்ததே பியூட்டர். வெண்கலத்துக்கு 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஆசிரியர் மேற்பார்வையில் பள்ளிப் பட்டறையிலேயே மணல் அச்சில் ஊற்றலாம். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கத்தியையும் பால் சேர்த்த மங்கையும் அச்செடுத்தால், அது நம் வரலாறும் ஆகும்.

ஐந்தாவது, நடப்பியல். பெலிக்ஸ் டி வெல்டன் வடித்து 1966இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னம், ஏழு உருவங்கள், 15 மீட்டர். சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959. இரண்டிலும் அளவுகோல் தசையும் எடையும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் பூச்சரம் தொடுக்கும் கைகளைச் சுடுமண்ணில் பிடியுங்கள். நார் இழுபடும் நொடியில் கட்டைவிரல் எப்படி மடங்குகிறது என்பதே பாடம். உட்புறத்தைக் குடைந்து கனத்தைச் சீராக்காவிட்டால் சூளையில் வெடித்துவிடும்.

ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. இரண்டை ஆழமாகச் செய்தால் போதும். நாற்புறப் படம், முன்மாதிரி, உடைந்த வார்ப்பு எல்லாவற்றையும் தொகுப்பில் சேருங்கள். முதல் பக்கத்தில் அந்த மடித்த ஓலையை ஒட்டுங்கள். கை எதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்தது என்பதை அது தேர்வாளருக்குச் சொல்லிவிடும்.