பிறவியடைவும் உடல் மரபும்

மாணிக்கவாசகப் பெருமான் அருளிய சிவபுராணத்தில், உயிர் எடுத்த பிறவிகளை அடைவுபடக் கூறும் பகுதி ஒன்று உளது. அதனைக் கொண்டு, டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயிரினத் தோற்றக் கொள்கையைச் சைவர் பன்னூற்றாண்டின் முன்னரே கண்டனர் என்பார் பலர். திருமுறைக்குப் பெருமை தேடும் நோக்கினதாதலின் இக்கூற்றினை மறுப்பார் அரியர். ஆயினும் நோக்கம் நன்றாதல் பற்றி உரை நன்றாகாது. இக்கூற்று மூலத்துக்கும் பொருந்தாது. முன்மாந்தர் என்புகள் உணர்த்தும் உண்மைக்கும் பொருந்தாது.

முதற்கண் மூலத்தை நோக்குவாம். அடிகள் நுவன்ற முறையிற் புழுவுக்குப் பின் மரமும், பறவைக்குப் பின் பாம்பும், பாம்புக்குப் பின் கல்லும் நிற்கின்றன. அடைவு மனிதரோடு முடியாது பேய், கணம், அசுரர், முனிவர், தேவர் என மேலுஞ் செல்கின்றது. உயிர்நூலாரோ ஊர்வனவற்றின் கிளையொன்றிலிருந்தே பறவை தோன்றிற்று என்பர். முறை ஒவ்வாமை வெளிப்படை. அடிகள் கருதியது இனங்களின் வரலாறு அன்று. ஓர் உயிர் வினைவயத்தாற் பல உடல் எடுத்து அலமந்த துன்பமும், அதனின்று வீடுபெறும் வேட்கையுமே என்க. அவ்விடத்து வேறு பொருளைப் புகுத்தல் பாட்டின் உருக்கத்தையும் கெடுப்பதாம்.

இனி, என்புகள் கூறுவன யாவை? தான்சானியா நாட்டு லேட்டோலியில், எரிமலைச் சாம்பல் இறுகிய நிலத்தில் மேரி லீக்கி குழுவினர் 1978 ஆம் ஆண்டிற் கண்ட அடிச்சுவடுகள் 36 இலட்சம் ஆண்டுகட்கும் முற்பட்டன. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974 ஆம் ஆண்டிற் கிடைத்து 'லூசி' எனப் பெயர்பெற்ற என்புக்கூடு ஏறக்குறைய 32 இலட்சம் ஆண்டுப் பழமையது. புகை கண்டு தீயுண்மை துணிதல்போலச் சுவடு கண்டு இருகாலால் நிமிர்ந்து நடந்தமை துணியப்படும். லூசியின் இனத்தார் மூளையோ மனிதக் குரங்கின் மூளையினுஞ் சிறிதே பெரிது. நடை முந்திற்று, மூளை மிகப் பிந்திற்று. மேலும், தென்னாப்பிரிக்கக் குகையொன்றில் 2013 ஆம் ஆண்டில் என்பு கிடைத்த நலேடி இனத்தார், சிறுமூளையினராயிருந்தும், ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகட்கு முன்னரே வாழ்ந்தவராவர். ஆகவே உடல் மரபு படிப்படியாய் மேலேறும் ஏணி அன்று. கிளைத்தும் பட்டும் செல்லும் மரமே. பல கிளைகள் ஒரு காலத்தே உடன் நின்றன. ஒன்றொழிய ஏனைய மாய்ந்தன. பின்வந்தமையான் உயர்ந்தது என்றலும், முன்னின்றது பின்வருவதன் பொருட்டே நின்றது என்றலும் வரலாற்று மாற்றத்தை ஆராய்வார்க்கு வழுவாம் என்பது இதனாற் பெறப்படும்.

விருப்பத்தை முன்வைத்துச் சான்றினை நோக்குவார் எய்தும் இழுக்கிற்கும் இத்துறையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் பில்ட்டவுனிற் கிடைத்தனவாக 1912 ஆம் ஆண்டிற் காட்டப்பெற்ற தலையோட்டுத் துண்டுகளை அறிஞர் பலர் மெய்யெனக் கொண்டனர்; மூளையே முதலில் வளர்ந்திருக்கும் என்னும் அவர் எதிர்பார்ப்புக்கு அவை இயைந்தமையே பெருங்காரணம். 1925 ஆம் ஆண்டில் ரேமண்ட் டார்ட் வெளியிட்ட டாங் குழந்தையின் மெய்யான தலையோட்டையோ அவர் பல்லாண்டு ஏலாராயினர். பில்ட்டவுன் பொருள் மனித மண்டையோடும் குரங்கின் தாடையும் கூட்டிச் செய்த போலி என்பது 1953 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அற்றைநாளில் நம்மவர் ஒருவர் பில்ட்டவுனுக்கு இயையத் திருமுறைக்கு உரை கண்டிருப்பின், அவ்வுரையின் கதி யாதாயிருக்கும்?

சித்தாந்தத்துக்கு இத்தகைய ஊன்றுகோல் வேண்டா. தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியம். உடல் மரபு அதன்பாற் பட்டுக் காட்சியானும் கருதலானும் ஆராயப்படும். உயிரோ அநாதி, அதன் பிறவியடைவு உரையளவையான் உணரப்படும். உடல் மரபிற் குறித்த முடிவிடம் ஒன்று காட்சியாற் பெறப்படுவதில்லை. உயிரின் செலவுக்கு வீடுபேறு முடிவிடம். இவ்விரண்டனையும் ஒன்றாக்குவார், என்பின்மேல் இல்லாத நோக்கத்தையும் திருவாசகத்தின்மேல் இல்லாத காலக்கணக்கையும் ஏற்றி, இரண்டன் பயனையும் இழப்பர். நடுநின்று ஆராய்வார் இதனைத் தெளிக.