ஏரிக் கெண்டையும் எழும்பூர் ஏடுகளும்

திருநின்றவூர் ஏரியில் வலை போடுகிறவருக்குக் கெண்டை, கெண்டைதான். விலங்கியல் மாணவர் அதோடு விட முடியாது. எந்தக் கெண்டை என்று துடுப்பையும் செதிலையும் எண்ணிப் பார்த்து, ‘புன்டியஸ் டார்சாலிஸ்’ என்ற முடிவுக்கு வந்தால், அவர் ஒப்பிட வேண்டிய மூலக் கட்டுரை 1849இல் வந்தது. தாமஸ் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதியது. பிற துறைகளில் அத்தனை பழைய கட்டுரை வெறும் வரலாறு. வகைப்பாட்டியலில் அது இன்றைய வேலைக்கு வேண்டிய தாள். விலங்குப் பெயர்களில் முதலில் அச்சேறியதற்கே முன்னுரிமை. கணக்கு 1758இல், லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது.

அதனால்தான் அருங்காட்சியகங்கள் காட்சிப் பேழைகளோடு நிற்காமல் இதழும் நடத்தின. 1851இல் தோன்றிய சென்னை (எழும்பூர்) அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் 1894இல் ‘புல்லட்டின்’ வரிசையைத் தொடங்கினார். முதல் இதழே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியது. பின்னாளில் கண்காணிப்பாளரான கிரேவ்லி காலத்தில் அது உச்சத்துக்குப் போனது. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய 1927ஆம் ஆண்டுத் தொகுதி, ஒரு சிறு தீவை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியுமா என்று இன்றும் வியக்க வைக்கும். 1929இல் மயூரநாதன் சென்னை நகரின், அதன் சுற்றுப்புறத்தின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்தார். கொழும்பு அருங்காட்சியகத்துக்கு 1903 முதல் ‘ஸ்போலியா சைலானிக்கா’. கல்கத்தாவில் 1907இல் அன்னண்டேல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகப் பதிவேடு. ஒரு அருங்காட்சியகம் தன் இதழை இன்னொன்றுக்கு அனுப்பி, அதன் இதழை வாங்கிக்கொள்ளும். அருங்காட்சியக நூலகங்கள் பெருகியதில் இந்த மாற்றுமுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதை தெரியும். மனத்துக்குள் அவர் எழுப்பிய கோயிலுக்கு எழுந்தருள வேண்டும் என்று, பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்றளியின் குடமுழுக்கையே தள்ளிவைக்கச் சொன்னாராம் சிவபெருமான். வகைப்பாட்டியலில் அந்தச் சலுகை கிடையாது. புதிய இனத்தை ஒருவர் எவ்வளவு அறிந்திருந்தாலும், விதிப்படி வெளியாகாத பெயர் பெயரே அல்ல. காகிதத்தில் அச்சிட்டால்தான் செல்லும் என்றிருந்த நிலையை 2012இல்தான் தளர்த்தினார்கள். மின்னிதழில் மட்டும் வரும் கட்டுரையும், ‘ஜூபேங்க்’ பதிவேட்டில் சேர்த்து மற்ற விதிகளையும் நிறைவேற்றினால், செல்லும் என்றார்கள். இந்தத் துறையில் திறந்த இதழ்கள் பெருக அது பெரிய உதவி.

இன்று படிப்பவரிடம் காசு கேட்காத இதழ்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அன்னண்டேலின் பதிவேட்டைத் தொடரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இதழ் இணையத்தில் திறந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’ 1999இல் வேறு பெயரில் தொடங்கியது. அருங்காட்சியகக் கட்டடம் எதுவும் இல்லாமல், அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல சேர்ந்து 2011இல் தொடங்கிய ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்சானமி’யில் எழுதுபவருக்கும் கட்டணமில்லை. இதுவே எனக்குச் சரியான வழியாகத் தோன்றுகிறது. வாசகரை விட்டுவிட்டு எழுதுபவரின் பையில் கைவைக்கும் திறந்த இதழ்கள் ஏராளம். நத்தையையும் சிலந்தியையும் ஆராய்பவருக்கு அவ்வளவு நிதி யார் தருவார்கள்?

மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிடுகிறது. ஆனால் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி மாணவருக்கும், ஓய்வு நாளில் ஏரிப் பறவைகளைக் குறித்துவைக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அந்தக் கதவு திறக்காது. அதே பணத்தில் சிறு பங்கு, நம் அருங்காட்சியக இதழ்களை நடத்தப் போயிருக்கலாம்.

பழைய புல்லட்டின்கள் சில, இணைய ஆவணக் காப்பகத்தில் வருடிப் போட்ட பக்கங்களாகக் கிடைக்கின்றன. அது போதாது. குருசடைத் தொகுதியின் ஒவ்வொரு இனப் பெயரும் தேடினால் அகப்பட வேண்டும். படத்தாள்கள் துடுப்பின் கதிரை எண்ணும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். எழும்பூர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.