நஞ்சும் நிவாரணமும்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள பாலகாட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களில் கணிசமானோர், பொழுது விடியுமுன் ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். குறைந்த உறக்கம், தவறிய காலை ஆகாரம், வெயில், இரைச்சல் என்று மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டிவிடுவனவாக வைத்திய சாஸ்திரம் எவற்றைச் சொல்கிறதோ, அவை யாவும் இந்த ஜீவனத்தில் நாள்தோறும் வாய்க்கின்றன. பெங்களூரு வட்டாரத்தில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது. இவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் அது நாட்பட்ட வியாதியாகிவிடுகிறது. அதாவது மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் தலைவலி, அவற்றில் 8 நாட்களாவது மைக்ரேனின் லட்சணங்களோடு. போட்டுலினம் நஞ்சை ஊசியில் ஏற்றும் தடுப்புச் சிகிச்சை இந்தச் சிலருக்குரியதே தவிர, மாதம் இரண்டொரு முறை தலைவலிப்பவர்களுக்கு உரியதன்று.

கெட்டுப்போன இறைச்சியைத் தின்றவர்களை மூச்சடைக்கச் செய்து கொன்ற அந்த விஷம், நரம்பின் நுனியிலிருந்து தசைக்குச் செல்லும் ரசாயனச் செய்தியை நிறுத்திவிடுகிறது என்று அறிந்த பிறகு, மாறுகண்ணைத் திருத்துவதற்காக 1989-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. நெற்றிச் சுருக்கத்தை நீக்க அதைப் போட்டுக்கொண்ட சிலர் தங்கள் தலைவலியும் குறைந்ததாகச் சொன்னதிலிருந்தே இந்தப் புதிய பிரயோகம் பிறந்தது. (அழகின் பொருட்டுத் தொடங்கியது என்பதனால் மட்டும் இதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு, மருந்துகளின் குலம் கோத்திரம் பார்க்கப் புகுந்தால் பாதி மருந்துக்கடை காலியாகிவிடும்.) வலியை உணர்த்தும் நரம்பு நுனிகளிலிருந்து சில பொருள்கள் கசிவதையும் அந்த நஞ்சு தடுக்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

செய்முறை எளிது. புருவங்களுக்கிடையே மூன்று, நெற்றியில் நான்கு, இரு பொட்டுகளிலும் சேர்ந்து எட்டு, பிடரி மண்டையில் ஆறு, கழுத்தின் பின்புறம் நான்கு, தோள்களில் ஆறு. ஆக 31 இடங்களில், இடத்துக்கு 5 அலகு வீதம் 155 அலகு மருந்து மெல்லிய ஊசியால் ஏற்றப்படுகிறது. கால்மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். பன்னிரண்டு வாரத்துக்கொரு முறை அதைத் திரும்பச் செய்யவேண்டும்.

இதன் பயன் எவ்வளவு என்று கேட்டால், விளம்பரங்கள் தரும் விடைக்கும் புள்ளிவிவரம் தரும் விடைக்கும் தூரம் அதிகம். 2010-இல் வெளியான இரு பெரும் பரிசோதனைகளில் 1,384 பேர் பங்கு கொண்டனர். மாதத்தில் சுமார் 20 தலைவலி நாட்கள் உடையவர்களுக்கு, மருந்தினால் 8.4 நாட்களும், வெறும் உப்புநீர் ஊசியினால் 6.6 நாட்களும் குறைந்தன. மருந்துக்கே உரிய லாபம் மாதத்துக்கு இரண்டு நாட்களுக்கும் குறைவு. முதல் பரிசோதனையில், முன்கூட்டிக் குறித்திருந்த பிரதான அளவுகோலான தலைவலித் தாக்குதல்களின் எண்ணிக்கையில் வித்தியாசமே தென்படவில்லை. மருந்து ஏறியவரின் நெற்றி அசையாமற் போவதனால் தமக்கு எது கிடைத்தது என்பதை அவரே யூகித்துவிடலாம் என்ற சந்தேகமும் நியாயமானது. அங்கீகாரம் பெறுமுன்னரே தலைவலிக்கு இந்த மருந்தைச் சந்தைப்படுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக, தயாரிப்பு நிறுவனமான அலர்கன் 2010 செப்டம்பரில் 60 கோடி டாலர் செலுத்த இசைந்ததையும், அடுத்த மாதமே அமெரிக்க அங்கீகாரம் கிடைத்ததையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு மனம் சற்றுக் கசக்கத்தான் செய்யும்.

ஆயினும் இந்தச் சிகிச்சையை வெறும் மோசடி என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தினசரி விழுங்கும் தடுப்பு மாத்திரைகள் மலிவானவை. ஆனால் டோபிரமேட் விரல்களை மரக்கச் செய்து வார்த்தைகளைத் தடுமாறவைக்கும், அமிட்ரிப்டிலின் காலையிலும் தூக்கத்தில் ஆழ்த்தும், ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உடையவர்களுக்கு ஆகாது. ஊசியிலோ கழுத்து வலியும், சில வேளை இமைச் சரிவும் தவிர, உடல் முழுவதையும் வாட்டும் உபாதை குறைவு. அவையும் சில வாரங்களில் தணிந்துவிடும். விடியுமுன் எழுந்து ஓடவேண்டியவருக்கு இது அற்ப சலுகையன்று.

என் ஆட்சேபம் ஊசியின் மீதன்று, அதற்கு முன் விட்டுப்போகும் படிகளின் மீது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களும் அதற்கு மேலும் விழுங்குகிறவருக்கு, அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடுகிறது. நெதர்லாந்தில் இத்தகைய நோயாளிகளின் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, பாதிப்பேருக்கு மட்டும் முழு அளவு போட்டுலினம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் நெற்றி அசையாதிருப்பதற்கு மட்டும் சிறிதளவு செலுத்தியதால், யாருக்கு எது என்பது வெளிப்படவில்லை. முடிவில், முழு அளவு பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க அதிக நன்மை எதுவும் காணப்படவில்லை. தங்கவயலில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று இருந்த சுரங்க மருத்துவமனையும் சுரங்கத்தோடு ஓய்ந்துவிட்டது; ஒருநாள் கூலியை இழந்து, பன்னிரண்டு வாரத்துக்கொரு முறை பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் பெங்களூரில் ஊசி போட்டுக்கொள்ளுமாறு ஒருவரிடம் சொல்லுமுன், அவர் எத்தனை மாத்திரை விழுங்குகிறார் என்று ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012-இல் வகுத்த விதி இவ்விஷயத்தில் விவேகமானது: வலி மாத்திரை மிகுதியைச் சரிசெய்து, குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகளும் பலிக்காத பின்னரே இந்த ஊசி, இரண்டு சுற்றுக்குப் பின் தலைவலி நாட்கள் 30 சதவிகிதமாவது குறையாவிட்டால் நிறுத்திவிடவேண்டும். ஆகவே இந்தச் சிகிச்சைக்கு உடன்படும் வாசகர்கள், முதல் ஊசிக்கு முந்தைய மாதத்திலேயே, தலைவலித்த நாளையும் விழுங்கிய மாத்திரையையும் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பைப் பாராமல் மூன்றாவது சுற்றுக்குத் தேதி கொடுக்கும் மருத்துவரிடம் பணம் கட்டவேண்டாம்.