கருவேலங்கட்டை

மதுரைப் பக்கம் குளிர்காய்வதற்கென்று வீட்டுக்குள் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. மார்கழியிலும் அடுப்பெரிவது சோற்றுக்கும் வெந்நீருக்கும்தான். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் விறகுச் செலவு கூடிவிடும். நனைந்த விறகு தன் ஈரத்தை விரட்டவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் சித்திரை, வைகாசி வெயிலிலேயே பிளந்து காயப்போட்டு, மழைக்கு முன் கொட்டகைக்குள் அடுக்கிவிடுவார்கள்.

மேலூர், திருமங்கலம் வட்டாரத்தில் விறகென்றால் பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்து மரம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. கண்மாய்களுக்கு அது செய்த கெடுதல் பெரிது. விறகாக மட்டும் அதற்கு ஈடானவை குறைவு: கனத்த கட்டை, நின்று எரியும், கங்கு சட்டென்று சாம்பலாகாது.

அதை ஆளும் கைதான் என்னை மயக்குவது. இரண்டு மூன்று கட்டைக்கு மேல் உள்ளே வைக்காது. நுனி எரிய எரிய மெல்லத் தள்ளிக் கொடுக்கும். உலை கொதித்து அரிசி பாதி வெந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடும். மீதி வேலை கங்குக்கு. பக்கத்துக் கொடியடுப்பில் தனி விறகே இல்லாமல், தாவி வரும் அனலில் குழம்பு சுண்டும். அந்தப் புகையில் பெண்களின் கண்ணும் நெஞ்சும் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேஸ் வந்தது நல்லதே. கொல்லையில் வெந்நீர் அடுப்பு மட்டும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதற்குத் தென்னை மட்டையும் பாளையும் சிரட்டையும் போதும். கருவேலங்கட்டையை அங்கே வீணாக்க மாட்டார்கள்.