ஏழ்மைக்கும் சாதிச் சான்று

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்ததிலிருந்து ஒரு வாதம் ஓயாமல் கேட்கிறது: சாதி பார்க்காத இடஒதுக்கீடு வந்துவிட்டது, இனி எல்லா ஒதுக்கீட்டுக்கும் இதுவே முன்மாதிரி. சாதி ஒழிய வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களும் இதைச் சொல்வதால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியது உண்டு. கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்ப்பவரின் மகளுக்கும் கல்லூரிக் கட்டணம் பெரும் சுமைதான். ஓ.பி.சி.யில் வசதியானவர்களை விலக்கும் கிரீமிலேயர் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, இங்கே எல்லாம் சேரும். அந்த அளவில் இது கறாரான கணக்கு.

ஆனால் சாதி பார்க்காத ஒதுக்கீடு என்பது பொய். தாசில்தார் கையெழுத்திடும் வருமான, சொத்துச் சான்றிதழின் படிவத்தை வாசித்துப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ், விவசாய நிலம் 5 ஏக்கருக்குக் கீழ், வீடு 1,000 சதுர அடிக்குக் கீழ் என்றெல்லாம் சொல்லி முடித்தபின், விண்ணப்பதாரர் இன்ன சாதியைச் சேர்ந்தவர், அந்தச் சாதி எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பட்டியல்களில் இல்லை என்று சான்றளிக்கும் வரி வருகிறது. சாதிப் பெயரை எழுத அதில் இடம் விட்டிருக்கிறார்கள். எவ்வளவு வறுமையானாலும், பட்டியலில் உள்ள சாதி என்றால் சான்றிதழ் கிடையாது.

இப்படி வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? பொருளாதாரத்தில் பின்தங்கியோர் பற்றி ஆராய்ந்த சின்ஹோ ஆணையத்தின் கணக்கை நீதிபதி ரவீந்திர பட் தன் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துவைத்தார். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த 31.7 கோடிப் பேரில் பொதுப்பிரிவினர் 5.85 கோடிதான். பழங்குடியினரிலோ 48.4 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஏழைகளின் பெயரால் வந்த இந்த அரசமைப்புத் திருத்தம், ஏழைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. மாதம் 66,000 ரூபாய் வருகிற வீடு அதன் கணக்கில் ஏழை வீடு. நூறு நாள் வேலையை நம்பிப் பிழைக்கும் இருளர் வீடு அந்தக் கணக்கிலேயே வராது.

அவர்களுக்குத்தான் ஏற்கெனவே ஒதுக்கீடு இருக்கிறதே என்கிறது பெரும்பான்மைத் தீர்ப்பு. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. அந்த ஒதுக்கீடு வறுமைக்குக் கொடுத்த உதவியல்ல. தலைமுறை தலைமுறையாகப் பள்ளியிலிருந்தும் பதவியிலிருந்தும் தள்ளிவைத்ததற்கான பரிகாரம். அந்தப் பரிகாரத்தைக் காட்டியே ஒருவரை ஏழைகளின் வரிசையிலிருந்தும் விலக்குவது, பழைய தள்ளிவைப்பைப் புதிதாக ஒருமுறை செய்வதுதான்.

தகுதி பற்றிய பேச்சும் இந்த இடத்தில் மாயமாகிவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்த மண்டல் அறிக்கை 1980-ல் தரப்பட்டு 10 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1990-ல் அமல்படுத்த முன்வந்ததும் தகுதி அழிந்துவிடும் என்று வட இந்தியத் தெருக்கள் பற்றி எரிந்தன. உச்ச நீதிமன்றத்தின் 1992 தீர்ப்பு 50 சதவீத உச்சவரம்பை விதித்ததோடு, நரசிம்ம ராவ் அரசின் 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீட்டையும் ரத்து செய்தது. 2019 ஜனவரியில் அதே 10 சதவீதம் இரண்டே நாளில் இரு அவைகளையும் கடந்தது. தகுதிக்காக ஒரு பேருந்துகூட மறிக்கப்படவில்லை. உச்சவரம்பு இந்த ஒதுக்கீட்டுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மடைப்பள்ளி ஊழியரின் மகளுக்கு வேண்டியது கட்டண விலக்கு, உதவித்தொகை, விடுதி. அவற்றை இருளர் வீட்டுப் பெண்ணுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கலாம். அதற்கு அரசமைப்பைத் திருத்தும் அவசியமே வந்திருக்காது.