பேராதனை அரங்கும் இருமொழி உரையாடலும்

நாடகத்தில் உரையாடல் என்பது இருவர் மாறிமாறிப் பேசுதல் மாத்திரமன்று. ஒருவர் கூற்றினாலே மற்றவர் உள்ளம் சிறிதேனும் இடம்பெயர்தல் வேண்டும். அல்லாவிடின் அது தனிமொழிகள் இரண்டின் அடுக்கேயாம். இனங்களுக்கிடையே நிகழும் பேச்சிற்கும் இவ்வளவையே பொருந்தும். கண்டிமாநகருக்கு அணித்தாகிய பேராதனையில் 1950களிலும் 60களிலும் எழுந்த நாடக முயற்சிகளை இவ்வளவைகொண்டு நோக்குவதே ஈண்டு எமது கருத்து.

பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் ‘மனமே’ 1956 நவெம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் முதன்முதல் ஆடப்பட்டது. (தமிழ்ச் செவிக்கு இப்பெயர் நெஞ்சை விளிப்பதுபோல் ஒலிக்கும்.) சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது அவ்வாண்டு யூன் மாதத்திலேயே என்பதை மறத்தலாகாது.

இந்நாடகத்தின் கதை புத்த சாதகக் கதைகளுள் ஒன்றாகிய சுல்லதனுக்ககத்திலிருந்து வந்தது. தக்கசீலத்திற் கல்வி முடித்த இளவரசன் ஆசிரியர் மகளை மணந்து காட்டுவழியே மீள்கின்றான். பழங்கதையில் எதிர்ப்படும் கள்வன்மீது அவள் காதல்கொண்டு, கணவன் கேட்ட வாளைக் கள்வன் கையிற் கொடுத்துவிடுகின்றாள். பெண்மனத்தின் நிலையின்மைக்கு அது ஒரு சான்று, அவ்வளவே. சரச்சந்திரர் செய்த மாற்றம் அளவிற் சிறிது, விளைவிற் பெரிது. கள்வன் இங்கே வேடர்கோன் ஆகின்றான். தன் படையை ஏவாது தனித்து நின்று பொருதுகின்றான். அவ்வறம் கண்ட இளவரசி அவனைக் கொல்லாது விடுமாறு கணவனை வேண்டுகின்றாள். அவ்வேண்டுகோளால் விளைந்த தயக்கத்திலே வாள் கைமாறுகின்றது, இளவரசன் மாள்கின்றான். பின்னர் வேடர்கோனும் அவளைத் துறந்து செல்கின்றான்.

அவள் குற்றவாளியா? நாடகம் விடை கூறவில்லை. தீர்ப்பு எழுதி வைக்கப்பட்டிருந்த ஒருத்திக்கு வாய் திறக்க இடமளித்தமையே அதன் சிறப்பு. பகைவனிடத்தும் மதித்தற்குரிய ஒன்று உண்டென அவள் சொல்கின்றாள். ஓங்கிய வாளின் கீழே அச்சொல்லுக்குக் காலம் போதவில்லை. உரையாடல் அமைதியைத் தந்தே தீரும் என்போர் இக்காட்சியை ஊன்றி நோக்குவாராக.

பொருளினும் உருவத்திலேதான் இருமொழி உறவு ஆழ்ந்து கிடக்கின்றது. சரச்சந்திரர் எடுத்தாண்ட சிங்கள ‘நாடகம்’ என்னும் கூத்து வகை, கடலோரக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்து கிளைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிலிப்பு சிங்ஞோ என்னும் கொல்லர் அதனைச் சிங்களத்தில் வளர்த்தார். சிந்து, விருத்தம், இன்னிசை என்பன சிறிது உருத்திரிந்து அங்கும் வழங்குகின்றன. மத்தளத்தையே ‘தெமள பெர’, அதாவது தமிழ்ப்பறை, என்பர். இக்கடனைச் சரச்சந்திரர் மறைத்தாரல்லர். தம் ஆராய்ச்சி நூலிலே வெளிப்பட எழுதினார். யப்பானிய அரங்கிலிருந்தும் அம்பலாங்கொடைக் கூத்தாசான் சார்ள்ஸ் சில்வாவிடமிருந்தும் அவர் பெற்றன வேறு.

இதே ஆண்டுகளில் அரசியலார் செய்த உரையாடல் யாது? 1957 யூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்பட்டனர். ஒக்டோபரில் அவ்வுடன்பாட்டை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டி நோக்கி யாத்திரை தொடங்கினார். அது இம்புல்கொடையில் தடைப்பட்டது. எனினும் 1958 ஏப்பிரிலில் ஒப்பந்தமும் கிழிந்தது. தலைவர் இருவர் பேசினர். பேசப்பட்டோர் ஒருவரையொருவர் அறிந்திலர்.

கடன் வாங்குதல் மாத்திரம் உரையாடலாகாது, மறுமொழி வேண்டும். அதனைத் தந்தவர் அதே பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணைகொண்டு, 1962இல் ‘கர்ணன் போர்’ ஆகப் பேராதனை மாணவர் ஆடினர். தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்பன எழுந்தன. விடியுமளவும் களரியில் ஆடப்பட்டதைச் சில மணிநேரத்துக்குச் சுருக்கியது நட்டமே என்று கிராமத்து அண்ணாவிமார் வருந்தின் அதனைத் தவறென்றல் இயலாது. எனினும் படித்தவர் நாணி ஒதுக்கிய ஆட்டம் கல்விக்கழக மேடையேறியதற்குச் சிங்களத் தோழரின் வெற்றி ஒரு தூண்டுகோலாயிற்று என்பது வரலாறு. இராவணனை வீழ்ச்சியுறும் மாந்தனாகக் காட்டிய துணிவும், வேடர்கோனுக்கு அறம் வழங்கிய துணிவும் ஒரே மலைச்சாரலில் விளைந்தவை.

இத்துணைப் புகழ்ச்சிக்குப் பின் ஒரு குறையைக் கூறாதுவிடின் திறனாய்வு ஆகாது. பேராதனையிலிருந்து கலகா செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களே. அங்கே தொழிலாளர் ஆண்டுதோறும் மாசியில் மதனும் இரதியும் வேடமிட்டுக் காமன் கூத்து ஆடுவர். எரிக்கப்பட்ட மதனுக்காக இரதி புலம்புவாள். அப்பறையொலி எட்டும் தொலைவில் நிகழ்ந்த இருமொழி உரையாடலில் அக்கூத்து இடம்பெற்றிலது. பேராதனைத் தமிழ்க்கூத்து வரிசைக்கு மூலமானது கிழக்கிலங்கையே. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய அம்மக்கள் 975,000 பேரின் நிலையை 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் தீர்க்க முற்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என வகுத்தனர். எவ்விடத்தில் வாழ விருப்பம் என்று அவர்களை எவரும் கேட்டிலர். தில்லியிற் கேளாதது வியப்பன்று. மனமேயின் இளவரசிக்கு வாய் தந்த மலையடிவாரத்திலும் இரதியின் புலம்பல் செவிப்படாது போயிற்று.